சித்திரைக்கு முன் ஒரு விறாந்தை: சுண்ணாம்பு, பழஞ்சேலை, நெற்கதிர், புத்தகத் தட்டு

பெரும்போக நெல் வீடு வந்து சேர, வன்னியில் வெயிலின் முகம் மாறிவிடும். வேம்பு பழுத்த இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்க்கும், முள்முருக்கு இலையில்லாமலே சிவக்கும், பங்குனி கடைசியில் கொன்றை மஞ்சள் தொங்கத் தொடங்கும். பஞ்சாங்கம் சித்திரை வைகாசியைத்தான் இளவேனில் என்கிறது. வீட்டு வேலைக்கு உகந்த காலம் அதற்கு முந்திய ஐந்தாறு கிழமைகள். மாரியின் ஈரம் சுவரிலிருந்து இறங்கியிருக்கும், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று இன்னும் எழும்பியிராது. சோளகம் எழும்பினால் ஈரச் சுண்ணாம்பு சுவரில் பிடிக்க முன்னமே காய்ந்துவிடும், புழுதியும் வந்து ஒட்டும். ஏப்ரல் 14 அளவில் வருடப்பிறப்பு. கடைசிப் பூச்சு அதற்கு இரண்டு கிழமை முந்தியாவது முடிந்திருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வேலையைத் தொடங்குவதே நல்லது.

இங்கே எடுத்துக்கொண்டது 16 அடி நீளம், 8 அடி அகலமான ஒரு விறாந்தை. 9 அடி உயரப் பின்சுவரில் 4 அடிக்கு 4 அடியாக இரண்டு யன்னல், ஒரு கதவு. இரண்டு பக்கமும் 3 அடி உயர அரைச்சுவர். அடிக்க வேண்டிய பரப்பு 200 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. சீமெந்துக் கல் கட்டி, சீமெந்து பூசி, பெயின்ற் காணாத சுவர். போருக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் எழும்பிய வீடுகளில் இப்படிப் பூச்சோடு நின்றுபோன சுவர்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பெயின்ற் காணாததால் அவற்றில் சுண்ணாம்பு அடிக்கலாம்.

முதலில் சுவரைப் பார்க்க வேண்டும்

ஒரு கை தண்ணீரைச் சுவரில் விசிறிப் பாருங்கள். சுவர் உடனே குடித்துக் கறுத்தால் சுண்ணாம்பு பிடிக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு வழிந்தால் அங்கே எமல்ஷனோ எண்ணெய்ப் பெயின்றோ இருக்கிறது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்தால் அடுத்த மாரிக்கு அப்பளம்போல உரிந்து விழும். பெயின்றை முழுதாகச் சுரண்டி எடுக்க மனமில்லாவிட்டால் அந்தச் சுவருக்குத் திரும்பவும் எமல்ஷனே அடியுங்கள். சுண்ணாம்பை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது உப்பு. நிலத்திலிருந்து ஓர் அடி, இரண்டடி உயரத்துக்கு வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கிணற்றுத் தண்ணீரிலும் மணலிலும் இருந்த உப்பு, நில ஈரத்தோடு ஏறி, ஈரம் ஆவியாகும் இடத்தில் படிவதுதான் அது. பலர் உடனே வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றிக் கழுவுவார்கள். அப்படிச் செய்தால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளே போய், காய்ந்ததும் மறுபடி வெளியே வரும். காய்ந்த தும்புப் பிறஸால் தட்டித் துடைத்து, விழுந்த பொடியை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். திரும்பப் பூத்தால் திரும்பத் துடையுங்கள். பூப்பது குறையும்வரை அந்த இடத்தில் அடிக்கக்கூடாது.

மாரியில் வடக்குச் சுவரில் படிந்த கறுப்பும் பச்சையும் பாசி. அதை மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் காயவிடலாம். மிச்சத்தைச் சுண்ணாம்பின் காரமே பார்த்துக்கொள்ளும்.

மயிர் வெடிப்புகளை விட்டுவிடுங்கள், பூச்சே நிரப்பும். நகம் நுழையும் வெடிப்பை மட்டும் கத்தி நுனியால் சற்று அகட்டி, நனைத்து, சுண்ணாம்பு 1 பங்கு, அரித்த மெல்லிய மணல் 3 பங்கு சேர்த்த சாந்தால் அடைக்க வேண்டும். கடையில் விற்கும் ரெடிமேட் புட்டி வேண்டாம். அது தண்ணீர் குடிக்கும் அளவு வேறு, சுவர் குடிக்கும் அளவு வேறு. நிறம் அடித்த பிறகு ஒவ்வொரு ஒட்டும் வேறு நிறத்தில் தேமல்போலத் தெரியும்.

சுண்ணாம்பு கரைத்தல்

ஹாட்வெயர் கடையில் பையில் கிடைப்பது ஏற்கெனவே தண்ணீர் பட்டு நீறின சுண்ணாம்புத் தூள். இந்த விறாந்தைக்கு மூன்று பூச்சுக்கு 4 கிலோ போதும். பிளாஸ்ரிக் வாளியில் முதலில் 12 லீற்றர் தண்ணீர் விட்டு, அதற்குள் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, மூடி, ஒரு முழு நாளாவது ஊறவிட வேண்டும். இரண்டு நாள் ஊறினால் இன்னும் நல்லது. அலுமினியப் பாத்திரம் ஆகாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். இதே காரணத்துக்காக அலுமினிய யன்னல் சட்டங்களையும் அடிக்கத் தொடங்க முன்னமே கடதாசி ஒட்டி மறைக்க வேண்டும்.

நீறாத சுட்ட கட்டிச் சுண்ணாம்பு கிடைத்தால் அதன் வெண்மையே தனி. வேலையும் ஆபத்தும் கூட. தண்ணீருக்குள்தான் கட்டியைப் போட வேண்டும். கட்டிக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்ரிக் வாளி அந்தச் சூட்டில் உருகக்கூடும், இரும்புப் பீப்பாவே சரி. பிள்ளைகளையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். நீறியது கூழாகிய பிறகு இரண்டு கிழமையாவது தண்ணீருக்கடியில் கிடக்க வேண்டும். உள்ளே நீறாத துகள் மிஞ்சியிருந்தால் சுவரில் போன பிறகு வீங்கி, மிளகளவுக்குப் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும்.

எதுவானாலும் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கையில் தேங்காயெண்ணெய் பூசி, அதன் மேல் கையுறை போடலாம். கண்ணில் தெறித்தால் கசக்கக்கூடாது. சுத்தமான தண்ணீரை கால்மணிக்கு மேல் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு நேரே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

ஊறிய கூழை இரட்டையாக மடித்த பழைய வேட்டித் துணியில் வடித்து, மேலும் 8 லீற்றர் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து ஆடை நீக்கிய பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். விரலை விட்டு எடுத்தால் தோல் ரேகை தெரிய வேண்டும். ரேகையை மறைத்தால் தடிப்பு. பெரும்பாலானோர் பிழைவிடும் இடம் இதுதான்: பெயின்ற் அடித்த பழக்கத்தில், ஒரே பூச்சில் சுவரை மறைக்கப் பார்ப்பார்கள். அடிக்கும்போது சுண்ணாம்பு கண்ணாடிபோலத்தான் இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். தடிப்பாக அடித்தால் வெடிக்கும், தொட்டால் உடுப்பில் ஒட்டும்.

கதிரை முதுகு உரசும் இடத்தில் மட்டும் ஒட்டுக்காக வடித்த சோற்றுக் கஞ்சி சேர்க்கலாம். 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர், அதற்கு மேல் வேண்டாம். அதையும் அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். கூடினால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். உப்புப் போடும் வழக்கமும் உண்டு. ஏற்கெனவே உப்புப் பூக்கும் சுவரில் அதைச் செய்வது வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டுவதுதான்.

நிறம்

சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் சிலதான்: மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஒக்சைட், குரோம் ஒக்சைட் பச்சை, துணிக்குப் போடும் அல்ட்ராமரின் நீலம். சமையல் மஞ்சள் உதவாது. ஆலத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது எல்லோரும் கண்டது. சுவரிலும் அதேதான் நடக்கும், போதாததற்கு வெயிலில் வெளிறியும் போகும்.

பின்சுவருக்கு மஞ்சள் ஒக்சைட். 2 கிலோ சுண்ணாம்புக்கு 100 கிராம், அதாவது நூற்றுக்கு 5. கடும் நிறம் விரும்பினால் 160 கிராம். 200 கிராமுக்கு மேல் ஏற்றினால் சுண்ணாம்பால் தூளைப் பிடித்துவைக்க முடியாது, துடைத்தால் கையோடு வரும். இந்த மஞ்சள் கொன்றைப்பூ மஞ்சள் ஆகாது. பழுத்த பாலைப்பழத்தின் நிறம் வரும், பின்னேர வெயில் பட்டால் தேன் நிறம். கொன்றையின் பளிச்சென்ற மஞ்சள்தான் வேண்டுமென்றால் அதைத் துணியில் தேடுங்கள். சுவரில் அந்த மஞ்சளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் வெக்கை இன்னும் கூடினதுபோல இருக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அரைச்சுவர்களின் உட்புறம் வெள்ளை. கிலோவுக்கு 3 கிராம் நீலம் போட்டால் பழுப்பு அடங்கி வெள்ளை தூக்கும். வாசிக்க உட்காரும் இடத்துக்கு எதிரே வெள்ளை இருந்தால் வெளிச்சம் பக்கத்தில் வந்து விழும். அரைச்சுவர்களின் வெளிப்புறம், நிலத்திலிருந்து ஒன்றரை அடிக்குச் சிவப்பு ஒக்சைட். சித்திரைச் சிறுமாரி இடியோடு ஒரு பாட்டம் பெய்தால் முற்றத்துச் செம்மண் தெறித்து அடிச்சுவர் முழுக்கப் புள்ளி விழும். காவிப் பட்டையில் அது தெரியாது. நூற்றுக்கு 10 வீதம் போட்டாலும் கடும் காவி வராது, செங்கல்லின் வெளிறிய நிறம்தான் வரும். அதுவே போதும். பட்டையின் மேல்விளிம்புக்கு நீலத்தூள் தடவிய நூல் அடித்துக்கொள்ளுங்கள். கண்மட்டத்தில் கோடு போட்டால் தூரத்தில் நின்று பார்க்கும்போது கோணல் காட்டிக் கொடுக்கும்.

ஒக்சைட் தூளை ஒருபோதும் நேரே சுண்ணாம்பு வாளிக்குள் கொட்டக்கூடாது. முதல் நாள் இரவே இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, காலையில் வடித்துச் சேர்க்க வேண்டும். கரையாத ஒரு சிறு கட்டி பிறஸில் அகப்பட்டால் சுவரில் நீளக் கோடு இழுத்துவிடும். மூன்று பூச்சுக்கும் வேண்டிய நிறத்தை ஒரே தடவையில் கலக்க வேண்டும். பாதியில் முடிந்தால் அதே நிறத்தைத் திரும்பப் பிடிக்க எவராலும் ஏலாது. ஈரத்தில் காணும் நிறம் காய்ந்தால் பாதிக்கு மேல் வெளுக்கும், ஆகவே கதவுக்குப் பின்னால் ஒரு சாண் அளவுக்கு அடித்து, ஒரு நாள் காயவிட்டுப் பார்த்த பிறகே வாளியில் கூட்டிக் குறையுங்கள்.

அடித்தல்

முதல் நாள் பின்னேரம் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். அடிக்கும் அன்று காலையில் மறுபடி ஒரு தெளி. கைவைத்தால் குளிர வேண்டும், தண்ணீர் வழியக்கூடாது. காய்ந்த சுவர் சுண்ணாம்பிலுள்ள தண்ணீரை ஒரே இழுப்பில் குடித்துவிடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு சேர்ந்து திரும்பக் கல்லாகத்தான் இறுகுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். ஈரமில்லாமல் காய்ந்தால் வெறும் பொடி.

கிழக்குப் பார்த்த சுவரை வெயில் சாய்ந்த பிறகும், மேற்குப் பார்த்த சுவரைக் காலையிலும் அடியுங்கள். நடுப்பகலில் எதையும் தொடவேண்டாம். விறாந்தையின் திறந்த பக்கத்தில் கிடுகுத் தட்டியோ நனைத்த சாக்கோ தொங்கவிட்டால் காற்றும் வெயிலும் அடங்கும். சிவப்புச் சீமெந்து நிலமானால் பழைய சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். விழுந்த துளி காய்ந்துவிட்டால் நிலத்தின் மினுக்கம் போகாமல் அதை எடுப்பது கடினம்.

அகலமான தும்புப் பிறஸ் நல்லது, ரோலர் சரிவராது. முதல் பூச்சு மேலிருந்து கீழாக, இரண்டாவது குறுக்காக, மூன்றாவது திரும்ப மேலிருந்து கீழாக. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சுவரை இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். சாப்பிடப் போய்விட்டு வந்து தொடர்ந்தால் விட்ட இடம் கோடாக நிற்கும். வாளியை ஒவ்வொரு முக்குக்கும் கலக்குங்கள், ஒக்சைட் அடியில் படியும். பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் இடைவெளி, இடையில் மெல்லிய தெளிப்பு.

காய்ந்ததும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சற்றே வெள்ளை ஒட்டினால் பரவாயில்லை, இரண்டு நாள் காலை மாலை தண்ணீர் தெளித்தால் இறுகும். கை முழுக்க வெளுத்தால் பூச்சு தடிப்பு அல்லது சுவர் நனையவில்லை. அதைத் தும்புத்தடியால் உரசி உதிர்த்துவிட்டு, நனைத்து, இன்னும் மெல்லிசாக ஒரு பூச்சு அடிக்க வேண்டும். மேலே மேலே பூசினால் எல்லாம் சேர்ந்து உரியும்.

மிஞ்சிய வெள்ளைக் கூழ் பழுதாகாது. மூடியுள்ள வாளியில், மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்க வைத்தால் அடுத்த வருடத்துக்கு இன்னும் வழுவழுப்பாக இருக்கும். காவிப் பட்டைக்கு வருடா வருடம் ஒரு பூச்சு வேண்டும்.

பழஞ்சேலையில் திரைச்சீலை

5.5 மீற்றர் பருத்திச் சேலை 18 அடி. நாலாக வெட்டினால் துண்டு ஒன்று நாலரை அடி. மேலே கம்பி நுழைய 3 அங்குலம், கீழே மடிப்புக்கு 2 அங்குலம் போக 49 அங்குலம் மிஞ்சும். 4 அடி யன்னலுக்கு அளந்து வைத்ததுபோல இருக்கும். யன்னலுக்கு இரண்டு துண்டு. சேலையின் அகலம் 44 அங்குலத்துக்குக் குறையாது, ஆக இரண்டும் சேர்ந்து யன்னல் அகலத்தின் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும், சுருக்கம் வடிவாக விழும். கரை இரண்டு பக்கமும் நெடுக்காக நிற்கும், தையல் மிச்சம். புதுச் சேலை இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. முதல் கழுவலில் சுருங்கி, கீழே யன்னல் நிலை வெளியே தெரியும். பல தடவை துவைத்த சேலையே வேண்டும். முந்தானைத் துண்டைக் கதவுக்குப் பக்கத்திலுள்ள யன்னலில் போடுங்கள், கண் முதலில் அங்கேதான் போகும். மஞ்சள் சுவருக்கு இலைப்பச்சையோ மயில்நீலமோ எடுக்கும். சிவப்புக் கட்டம்போட்ட சேலையும் மோசமில்லை.

பூச்சாடிக்குக் கடதாசிப்பூதான் எங்கள் தெரிவு. 12 அங்குலச் சாடி, மூன்றிலொரு பங்கு மணல், அடியில் ஓட்டை. மண் காய்ந்து இலை சற்று வாடின பிறகு தண்ணீர் விட்டால் பூக்கும். தினமும் ஊற்றினாலும் யூரியா போட்டாலும் இலைதான் தள்ளும். செவ்வரத்தை வைத்தால் குரங்குக்குப் பந்தி வைத்ததுபோலத்தான்.

நெற்கதிர்க் குஞ்சம்

புதிர் எடுக்கும், அதாவது முதல் நெற்கதிரை வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கமுள்ள மண்ணில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் வாசகத்தைச் சட்டம் போட்டுத் தொங்கவிடத் தேவையில்லை. வாசல் நிலைக்கு மேல் ஒரு கதிர்க்குஞ்சம் போதும். இப்போது மெசினே வயலை வெட்டுவதால் முழுக் கதிர் கிடைப்பது வரம்பு மூலைகளில்தான். மெசின் திரும்ப முடியாமல் விட்ட மூலையில், மெசின் வர முன்னரோ பின்னரோ அரிவாளால் ஒன்றரை அடித் தாளோடு அறுத்தெடுங்கள். முற்றிக் காய்ந்த கதிர் பின்னும்போதே மணி கொட்டும். தாளில் இலேசாகப் பச்சை ஓடும்போது அறுக்க வேண்டும். இரண்டு கைப்பிடி போதும்.

இலையை உருவிவிட்டு, தலைகீழாக நிழலில் ஒரு கிழமைக்கு மேல் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துத் தாள் முறியும். பின்ன முன் தாளை மட்டும் அரைமணி தண்ணீரில் ஊறவிட வேண்டும், கதிர் நனையக்கூடாது. பத்துப் பத்துத் தாளாக மூன்று பிரி எடுத்து, கதிர்க் கழுத்துக்குக் கீழே பருத்தி நூலால் இறுக்கிக் கட்டி, சடைபோலப் பின்னி, நுனியை வளைத்து வளையமாக்கலாம். காயக் காயத் தாள் மெலிந்து கட்டுத் தளரும். மூன்றாம் நாள் திரும்ப ஒரு கட்டு. சுவரோடு ஒட்டாமல், நைலோன் நூலில் தொங்கவிட்டால் எலிக்கு எட்டாது. குருவி வந்து கொத்தும். கொத்தட்டும், அதற்குந்தானே அது. அந்து பறக்கத் தொடங்கினால் கழற்றிக் கோழிக்குப் போட்டுவிட்டு அடுத்த போகத்துக்குப் புதிது கட்ட வேண்டும்.

புத்தகத் தட்டும் ஒரு கொப்பியும்

சுண்ணாம்புச் சுவர் உள்ளே இறுகக் கிழமைகள் எடுக்கும். புத்தகங்களைப் புதுச் சுவரோடு அடுக்கினால் ஈரத்தையும் காரத்தையும் அட்டை குடித்து வீங்கும். மூன்று கிழமை பொறுத்து, தட்டைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி வையுங்கள். அந்த இடைவெளி கறையானுக்காகவும்தான். கறையான் சுவரில் மண்குழாய் கட்டி ஏறும். இடைவெளி இருந்தால் தட்டுக்குத் தாவ முன் குழாய் கண்ணில் படும். ஒட்டி வைத்தால் புத்தகத்தைத் திறக்கும் அன்றுதான் தெரியவரும். அடித்தட்டு நிலத்திலிருந்து 6 அங்குலம் உயர இருக்க வேண்டும். நாலு காலையும் தகரப் பேணிக்குள் நிறுத்தி, அடியில் கொஞ்சம் பழைய எண்ணெய் விடலாம். எண்ணெயில் தூசி படிந்து பாலம் கட்டும், மாதத்துக்கு ஒருதடவை மாற்ற வேண்டும். பலகைக்கு முதிரையோ தேக்கோ இருந்தால் நல்லது. பெட்டி உடைத்த ஒட்டுப்பலகைதான் முதலில் போகும்.

இராமபாணப் பூச்சி பசையையும் மாவையும் தேடி வருவது. அதற்கு வேப்பிலை வைப்பதானால் நிழலில் மொறுமொறுவென்று காய்ந்த பிறகே துணியில் முடிந்து வைக்க வேண்டும். பாதி காய்ந்த இலை ஈரத்தைக் கொண்டுவந்து பூஞ்சணத்துக்கு வழிவிடும். மாரியில் ஈரமேறிய புத்தகங்களை விசிறிபோல விரித்து நிழற்காற்றில் நிறுத்துங்கள். வெயிலில் காயப்போட்டால் மலிவுக் கடதாசி மஞ்சளித்து ஓரம் நொறுங்கும். தட்டைப் பின்சுவர் யன்னல்களுக்கு நடுவே வைத்தால் நேர் வெயில் படாது. கதிரையை, வெளிச்சம் இடது தோளுக்கு மேலால் வரும்படி போட்டால் எழுதும்போது கைநிழல் விழாது.

தட்டில் ஒரு மெல்லிய கொப்பி. நன்றிக்குறிப்பு என்று பொதுவாக எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாள் எழுத ஒன்றும் இராது. திகதி, ஆள், செய்த காரியம், நாங்கள் திருப்பிச் செய்யக்கூடியது என்று நாலு பத்தி போடுங்கள். ஏணி இரவல் தந்த பக்கத்து வீட்டு அண்ணை, மூலைக்கதிரை அறுக்கவிட்ட வயற்காரர், சேலையை வெட்ட மனமில்லாமல் தந்த அம்மம்மா. நாலாம் பத்தி வெறுமையாக இருந்தால், வாளியில் மிஞ்சிய சுண்ணாம்பு இருக்கிறது. அண்ணை வீட்டு மதிலுக்கு ஒரு பூச்சுக்குக் காணும். கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பினால் அது இரவற் கணக்கு: புத்தகத்தின் பெயர், கொண்டுபோனவர், கொண்டுபோன திகதி. திரும்பி வந்த திகதிக்கும் ஒரு பத்தி விடுங்கள், அது நிரம்புவது அவரவர் அதிர்ஷ்டம்.